இருபது வரிக்கு இரண்டு இரவு

அன்புள்ள அம்மா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் உங்கள் மகன், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் யாரோ எழுதிய மாற்றங்களைக் காசில்லாமல் சரிபார்த்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான் என்று வருந்தினீர்கள். “இருபது வரிக்கு இரண்டு இரவா?” என்றும் கேட்டீர்கள். தம்பியிடம் விசாரித்தேன். லிங்கர் ஸ்கிரிப்ட் என்றான்; நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்ற கருவிக்கான கட்டளைக் கோப்பு அது. என் கவலையில் பாதி அப்போதே போய்விட்டது.

கெர்னலின் எந்தத் துண்டு நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று வகுப்பது அந்தக் கோப்புதான். அதில் தவறு நேர்ந்தால் பல நேரம் சத்தமே இருக்காது. தம்பி காட்டிய மாற்றத்தில் ஒரு வரியைச் சுற்றியிருந்த ‘கீப்’, அதாவது ‘இதைக் கழிக்காதே’ என்ற கட்டளை, காணாமல் போயிருந்தது. கணினி துவங்கும்போது ஒவ்வொன்றாக அழைக்க வேண்டிய இயக்கிகளின் (சாதனங்களை இயக்கும் நிரல்களின்) பட்டியல் அந்த வரியில்தான் சேர்கிறது. பட்டியலில் உள்ளவற்றை நிரலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதன் தொடக்கமும் முடிவும் மட்டும் தெரிந்தால் போதும். ஆகவே, பயன்படாதவற்றைக் கழிக்கும் வசதியை இயக்கினால் லிங்கர் அதைக் குப்பை என்று வீசிவிடும். தொகுப்பு வெற்றி என்றே திரை சொல்லும்; வட்டு இயக்கி மட்டும் எழுந்திருக்காது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கெர்னலைத் தொகுத்து, இரண்டிலும் உள்ள பெயர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் பிடித்திருக்கிறான். இரண்டு இரவு அங்கேதான் போனது.

ஆனால் பதிலாக அவன் எழுதியது ஒரே வரி: “இது தவறு.” அதற்காக நன்றாகக் கடிந்துகொண்டேன். எந்தப் பகுதி மறைந்தது, அளவு எவ்வளவு குறைந்தது, குனூ லிங்கரிலா எல்எல்டி என்ற இன்னொரு லிங்கரிலா, கெர்னலின் எந்த அமைவுத் தேர்வுகளில் என்று எழுதினால்தான் எதிரே இருப்பவர் திருத்துவார். ‘ரிவ்யூட்-பை’ (சரிபார்த்தவர்) என்ற வரியில் தன் பெயரைச் சேர்ப்பதிலும் அவசரம் வேண்டாம். முழுதாக ஆராய்ந்தேன் என்ற வாக்குறுதி அது, கெர்னலின் மாற்றப் பதிவுகளில் அப்படியே நின்றுவிடும். நேர்காணலில் அதைத்தான் நான் முதலில் எடுத்துக் காட்டச் சொல்வேன்.

இந்த வேலைக்குச் சிங்கப்பூரில் இடங்கள் குறைவு, மறைக்கவில்லை. சில்லு, சேமிப்புச் சாதனம், பிணையக் கருவி செய்யும் நிறுவனங்களில் தேட வேண்டும். தேசிய சேவைக்குப் போய்வந்தாலும் சி மொழியும் கணினிக் கட்டமைப்பும் பழசாகிவிடாது.

அடுத்த வாரம் அவனையும் அழைத்து வாருங்கள், அந்த ஒரு வரி பதிலைத் திருத்தி எழுதிய தாளோடு. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு கணினி வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.