ஐஸ் ஹாக்கி அணிகள் பெயரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, ஏன் கைவிடுகின்றன?

ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துவார்கள்தான். ஆனால் பெயர் நிலைக்குமா என்பது வணிகமுத்திரைப் பதிவில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநில அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் 20 பெயர்களை வாக்குக்கு விட்டார்கள். 'யெட்டி' இறுதிச் சுற்றுவரை வந்தது. ஆனால் அதே பெயரில் ஐஸ்பெட்டி, குடுவை விற்கும் பெரிய நிறுவனம் இருக்கிறது. தொப்பி, டி-ஷர்ட்டும் விற்கிறது. அணி விற்கப்போவதும் அவற்றைத்தான்! வாங்குபவர் குழம்புவார் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கப் பதிவு அலுவலகம் மறுத்தது. நிறுவனத்தோடு பேசியும் படியவில்லை. மே மாதம் 'மேமத்' ஆனது.

முன்னொட்டு சேர்த்துத் தப்பிக்கலாம் என்றால், அதுவும் நிச்சயமில்லை. கனடாவில் 'லண்டன் நைட்ஸ்' என்ற ஐஸ் ஹாக்கி அணி இருந்ததால், வெறும் 'நைட்ஸ்' என வைக்க முடியாமல் அமெரிக்காவின் வேகாஸ் அணி 'கோல்டன் நைட்ஸ்' ஆனது. அந்தப் பெயரோ அமெரிக்க ராணுவத்தின் பாராசூட் குழுவுக்கும் உண்டு. 2018-ல் ஆட்சேபம் வந்து, அதே ஆண்டு சமரசமானது.