யானையும் நாற்காலியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஆறு வயது. இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். தேடித் தேடி வாங்கிக் கொடுத்த நீதிக்கதைகளையும் அறிவியல் நூல்களையும் அவள் தொடுவதே இல்லை. ஒரு யானை ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்க்கும் படப்புத்தகத்தை மட்டும் நாள்தோறும் எடுத்து வருகிறாள். பக்கந்தோறும் 'இந்த நாற்காலி எனக்குப் போதும்' என்ற ஒரே வரிதான். படத்தில் நாற்காலி நொறுங்கிக் கிடக்கும். கடைசிப் பக்கத்தில் மட்டும் 'இந்தத் தரை எனக்குப் போதும்' என்று முடிகிறது. அவள் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இப்போது புத்தகத்தைப் பார்க்காமலே முழுவதையும் சொல்லிவிடுகிறாள். இது வாசிப்பா, வெறும் மனப்பாடமா? இத்தகைய புத்தகங்களில் குழந்தைகளை இழுப்பது எது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் மகள் தனக்கு வேண்டிய புத்தகத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'நாற்காலி' என்ற சொல்லைக் கண்டதும் நமக்குப் பொருள் வந்துவிடுகிறது. நடுவில் நாம் எதையும் செய்ததாகவே தோன்றுவதில்லை. எழுத்துக்கூட்டும் குழந்தையோ 'நா' என்று தொடங்கி, 'ற்' என்ற இடத்தில் தடுமாறி, 'காலி' என்று முடிப்பதற்குள் தொடங்கிய ஒலியை மறந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வருகிறது. இவ்வளவு பாடுபட்டு ஒரு வரியைக் கடந்த பிறகு அதற்குக் கிடைப்பது என்ன என்பதுதான் கேள்வி. பெரியவர்கள் வாய்மொழியாகப் பலமுறை சொல்லிவிட்ட அறிவுரை அங்கே காத்திருந்தால், அந்த உழைப்புக்கு அது ஈடாகாது. ஒரு வேடிக்கை காத்திருந்தால் ஈடாகும். மேலும், பொருள் புரியாமல் ஒரு வரியை உரக்க வாசித்துவிட முடியும்; பொருள் புரியாமல் அதன் வேடிக்கைக்குச் சிரிக்க முடியாது. ஆகவே சரியான இடத்தில் எழும் சிரிப்பை, வாசித்தது உள்ளே போய்ச் சேர்ந்ததற்கான சான்றாகவே நான் கொள்கிறேன்.

உங்கள் யானைப் புத்தகத்தில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். எழுத்து ஒன்று சொல்கிறது, படம் அதை மறுக்கிறது. பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்' என்ற ஆங்கிலப் படப்புத்தகம் இந்த வகைக்கு மிகச் சிறந்த உதாரணம். மொத்தம் 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி அதைப் பின்தொடர்ந்து வந்து அடிபடுகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. எழுத்துலகில் தன்னைச் சுற்றியுள்ள எல்லோரும் தன்னைவிட அதிகம் அறிந்தவர்களாக இருக்கும் வயதில், கதை சொல்பவருக்கே தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமிதம் அதற்குக் கிடைக்கிறது. இந்தப் புத்தகங்களின் ஈர்ப்பில் பெரும்பங்கு இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைக் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். 1954-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹெர்சி 'லைஃப்' என்ற அமெரிக்க இதழில், அமெரிக்கப் பள்ளிகளின் தொடக்கநிலை வாசிப்பு நூல்கள் உயிரற்றவையாக இருப்பதைக் கடிந்து எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1957-இல் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸின் 'தி கேட் இன் த ஹாட்' என்ற படப்புத்தகம் வந்தது. அதில் உள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. பழைய பாடநூல்களும் சொற்களைக் குறைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னவைதான். ஆனால் அவற்றில் சொல் திரும்பி வரும்போது நிகழ்ச்சி எதுவும் மாறவில்லை. உங்கள் யானையின் வரியோ, ஒவ்வொரு முறையும் வேறொரு நாற்காலியின்மீது வந்து விழுகிறது.

தமிழில் இந்தத் திரும்பல் இன்னும் தேவையானது. நம் எழுத்து ஒலியோடு பெரும்பாலும் ஒத்துப்போவது உண்மைதான். ஆயினும் அந்த வரியிலேயே உள்ள 'போதும்' என்ற சொல்லைப் பாருங்கள். காதில் 'ப்' முதலிலும் 'ஓ' பின்னாலும் விழுகின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, நடுவில் 'ப' இருக்கிறது. இந்த முரண் விளக்கிச் சொல்லிப் பழகுவதன்று. கண்டு கண்டு பழகுவது. நம் மொழியிலுள்ள 'படபட', 'சலசல' போன்ற இரட்டைக்கிளவிகள் படப்புத்தகங்களுக்கென்றே பிறந்தவை போல எனக்குத் தோன்றுவதும் இதனால்தான். முதல் பாதியைத் தடுமாறி வாசித்த குழந்தை இரண்டாம் பாதியை உடனே சரியாக வாசித்துவிடுகிறது.

வேடிக்கையான புத்தகங்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினால் பேசும் புத்தகங்களை இந்தப் பருவத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை; வாசிக்க வேண்டிய வேலையைப் புத்தகமே செய்துவிடுகிறது. படம் சொல்லை முழுவதுமாகக் காட்டிக்கொடுத்துவிட்டால், குழந்தை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படத்திலிருந்து ஊகிக்கத் தொடங்கும். அப்போது படத்தை மறைக்க வேண்டாம். விரலை மட்டும் மெதுவாகச் சொல்லின்மீது கொண்டுவந்து வையுங்கள். அறிவியல் நூல்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றை இப்போதைக்கு நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். காதால் ஏறும் சொற்கள் பின்னாளில் அவள் கண்ணுக்கு உதவும்.

இனி மனப்பாடத்துக்கு வருகிறேன். வரி நினைவில் இருப்பதால்தான் அவளால் எந்த ஒலி எந்த எழுத்தில் இருக்கிறது என்று நிதானமாகப் பொருத்திப் பார்க்க முடிகிறது. நடை பழகும் குழந்தை பிடித்துக்கொள்ளும் சுவரைப் போன்றது அது. சுவரைப் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு தாளில் 'இந்த அம்மா எனக்குப் போதும்' என்று எழுதி, யானைப் புத்தகத்தின் ஏதாவதொரு பக்கத்தில் அந்த வரிக்கு மேலாக வைத்துவிடுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். அவள் பழக்கத்தில் 'நாற்காலி' என்று சொல்லிக்கொண்டு போனால், தாளை எடுத்து வைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்து மீண்டும் முயலுங்கள், திருத்த வேண்டாம். யானை அடுத்து யார்மேல் உட்காரப் போகிறது என்று கண்டு, பாதி வரியில் நிறுத்தி உங்களை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாளானால், அவள் வாசித்துவிட்டாள்.