சிறையில் இருப்பவர் நம் நாட்டவர் இல்லையென்றால் தூதரகம் என்ன செய்யும்? – கேள்வி பதில்

பெண் மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் கைதாகும்போது வெளிநாட்டு அரசுகள் என்னதான் செய்கின்றன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சவூதியை வைத்தே சொல்கிறேன்.

கே: தன் குடிமகளே இல்லாதவருக்காகத் தூதரகம் தலையிட முடியுமா மேடம்?

சிறைக்குள் போய்ப் பார்க்கும் உரிமை கிடையாது, அது சொந்தக் குடிமக்களுக்குத்தான். ஆனால் விசாரணை நாளில் நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம், அமைச்சர்கள் சந்திக்கும்போது பெயர் சொல்லிக் கேட்கலாம், அவசர விசா தரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2004லேயே இதற்கு வழிகாட்டு நெறிகள் போட்டுவிட்டது.

கே: நீதிமன்றத்துக்கு உள்ளேயே விடமாட்டார்களாமே?

2019 மார்ச்சில் ரியாத்தில், பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் முதலானோர் மீது விசாரணை தொடங்கியபோது அப்படித்தான், தூதரக அதிகாரிகளையும் நிருபர்களையும் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் போனது வீண் என்று நான் சொல்லமாட்டேன். மூடிய கதவுக்குள் விசாரணை நடக்கிறது என்பதே அன்றைக்கு உலகச் செய்தியானது, அதற்குச் சில நாள் முன்புதான் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இவர்களை விடுவிக்கக் கோரி 36 நாடுகள் சார்பில் ஐஸ்லாந்து கூட்டறிக்கை வாசித்திருந்தது.

கே: கனடா ஒரு ட்வீட் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதே அக்கா?

ஆமாம், 2018 ஆகஸ்ட். சிறையிலிருந்த சவூதிப் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் சமர் பதாவி உள்ளிட்டோரை விடுவிக்கச் சொன்னதற்குச் சவூதி கனடா தூதரை வெளியேற்றி, புதிய வர்த்தகத்தை நிறுத்தி, அங்கே படித்துக்கொண்டிருந்த தன் மாணவர்களையும் திரும்ப வரச் சொன்னது. அமெரிக்காவோ, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டது, எனக்கு அதுதான் எரிச்சல். சரி, கனடாவும் சவூதிக்குக் கவச வாகனங்கள் விற்கும் ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். தூதர்கள் மறுபடி நியமிக்கப்பட 2023 ஆனது, சமர் 2021இல்தான் வெளியே வந்தார்.

கே: அப்போ சத்தமில்லாமல் பேசுவதுதான் நல்லதா?

அதைத் தூதர் தீர்மானிக்கக் கூடாது, அந்தப் பெண்ணையோ வீட்டாரையோ கேட்க வேண்டும். லுஜைன் வீட்டிலும் முதலில் அமைதியாகத்தான் இருந்தார்கள், சிறையில் அவரைச் சித்திரவதை செய்தது தெரியவந்த பிறகு வெளிநாட்டிலிருந்த உடன்பிறந்தவர்கள் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தார்கள். 2021 பிப்ரவரியில் விட்டார்கள், ஆனால் நாட்டை விட்டுப் போகத் தடை.

கே: பெண் செயற்பாட்டாளர்களுக்கென்று தனியாகக் கவனம் எதற்கு?

ஆண் என்றால் துரோகி என்பவர்கள், பெண் என்றால் நடத்தையைத்தான் முதலில் இழுப்பார்கள், அப்புறம் பிள்ளைகளை வைத்து மிரட்டுவார்கள். ஐ.நா. பொதுச்சபை 2013இல் பெண் செயற்பாட்டாளர்களுக்கென்றே தீர்மானம் நிறைவேற்றியது. நடைமுறையில் பார்த்தால், விசா கொடுக்கும்போது அவருக்கு மட்டும் கொடுத்துப் பிரயோசனமில்லை, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் கிளம்புவார்.