டன்ஸ்டர் ஏன் வாயை மூடிக்கொள்ளவில்லை? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பழைய கல்லூரிகளைப் பற்றிய கட்டுரையில், ஹார்வர்டின் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டர் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததால் பதவியை விட்டார் என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். இந்தச் சின்ன விஷயத்துக்காக, கட்டி எழுப்பிய கல்லூரியை ஒருவர் விட்டுப்போக வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே?

கே., நாகர்கோவில்

அன்புள்ள கே.,

ஹார்வர்ட் இருந்த அன்றைய மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் அது சின்ன விஷயம் இல்லை. சபை உறுப்பினருக்குத்தான் அங்கே ஓட்டு. குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்துப் பேசுகிறவரை நாடுகடத்தலாம் என்று 1644-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். 1651-ல் ஒபதியா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டுக்கு (விசுவாசித்து வருகிறவருக்கே ஞானஸ்நானம், குழந்தைக்கு இல்லை என்பவர்) பாஸ்டனில் 30 கசையடி கொடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்தவர்தான் டன்ஸ்டர்.

அவர் 1640-ல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியபோது கல்லூரி மூடிக்கிடந்தது. முந்தைய ஆசிரியர் நத்தானியேல் ஈட்டன் உதவியாளரைத் தடியால் அடித்து, வேலை போய், ஓடியே போய்விட்டார். சில வாரங்களில் பொறுப்பு டன்ஸ்டர் கையில். 1642-ல் ஒன்பது பேர் பட்டம் வாங்கினார்கள். 1650-ல் அவர் வாங்கித் தந்த சாசனத்தின்படிதான் ஹார்வர்டின் ஆட்சிக்குழு இன்றும் நடக்கிறது. கையில் காசு புழங்காத நாட்டில் மாணவர்கள் கோதுமையும் மாட்டிறைச்சியும் வெண்ணெயும் கொண்டுவந்து கட்டணம் கட்டினார்கள். அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஓட்டினார்.

சரி, மௌனம். அவருக்குப் பின் தலைவரான சார்ல்ஸ் சான்சி அதைத்தான் செய்தார். முழுக்கு ஞானஸ்நானமே சரி என்று நம்பியவர் அவர். ஆனால் அதைப் போதிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பதவிக்கு வந்தார். சான்சியை நான் குறை சொல்ல மாட்டேன். டன்ஸ்டருக்கோ அந்த வழியே இல்லை. அவர் வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது. 1653-ல் அந்தப் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குச் சபைக்கு எடுத்துக்கொண்டு வராததே ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. வாய் திறக்காமலே பதில் சொல்லிவிட்ட மனிதர் அவர். அப்புறம் போதகர்கள் கூட்டி விசாரித்தபோது மழுப்பவில்லை. 1654 ஜூலையில் ஆராதனை நடுவில் எழுந்தே பேசினார். அக்டோபரில் விலகினார்.

என்னை மிகவும் தொட்டது அதற்குப் பின் அவர் அரசுக்கு எழுதிய மனு. குளிர்காலம் முடியும்வரை தலைவர் வீட்டில் இருக்க விடும்படி கேட்கிறார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கைக்குழந்தைக்கு நோய் கடுமை, குளிருக்கு வேண்டிய விறகும் தீனியும் அங்கேதான் சேர்த்து வைத்திருக்கிறேன், அந்த வீட்டைக் கட்டியதே நான் நஷ்டப்பட்டுத்தான் என்கிறார். கொள்கையைப் பற்றி ஒரு பின்வாங்கலும் கிடையாது. மார்ச் வரை அனுமதித்தார்கள்.

பிறகு பிளிமத் குடியேற்றத்தில் இருந்த சிச்சுவேட்டுக்குப் போய்ப் போதகராக இருந்தார். சான்சி விட்டுவந்த அதே ஊர்! 1659-ல் அங்கேயே இறந்தார். தன்னை வெளியேற்றியவர்களுக்கே உயிலில் சொத்து எழுதி வைத்திருந்தார். உடலை ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யும்படியும் கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள்.