டிஎன்ஏ-பி எங்கே போனது?

உளுந்து மஞ்சள் தேமல் வைரஸின் மரபுப்பொருள் ஏ, பி என்ற இரண்டு டிஎன்ஏ வளையங்கள். அதில் டிஎன்ஏ-ஏ முழுதாகக் கிடைத்தது, டிஎன்ஏ-பி மட்டும் சிக்கவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 2.7 கேபி (2,700 கார இணைகள்) அருகே தெரியும் ஒற்றைப் பட்டையை நம்பாதீர்கள். இரண்டு வளையங்களும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான், ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடக்கும். இல்லையென்றால் டிஎன்ஏவை வெட்ட நீங்கள் போட்ட நொதி பி-யை வெட்டாமலே விட்டிருக்கும். அப்படியானால் ஜெல்லில் மாதிரியை ஊற்றிய குழி வாயிலேயே ஒரு பளிச்சென்ற திட்டு நிற்கும், பாருங்கள். அதே ஆர்சிஏ (வளைய டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) விளைபொருளில் வேறு இரண்டு மூன்று நொதிகளைத் தனித்தனியே போடுங்கள். பிசிஆரில் பி-யைப் பெருக்குவதானால், ப்ரைமரை (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டை) இரண்டு வளையங்களிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பொதுப்பகுதியில் வைத்தால் ஏ-வும் சேர்ந்து வரும். பி-யில் மட்டும் உள்ள நகர்வுப் புரத மரபணுவில் வையுங்கள்.

அப்புறம், பி-யின் ஒரு குளோனோடு (தனியே பிரித்தெடுத்த ஒரு நகலோடு) நிறுத்த வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் எடுத்த உளுந்தில் ஒரு ஏ-வோடு ஐந்து வகை பி இருந்தது 2004-இலேயே பதிவாகியிருக்கிறது.