விஷத்தோடு வேலையா என்று பயப்படும் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

இரண்டாவது முறையும் நீட்டில் இடம் கிடைக்காத மகள், நச்சுப்பொருள்கள் மூளையை என்ன செய்கின்றன என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். “ஆயுசு முழுக்க விஷத்தைத் தொடுகிற வேலைக்கா பெண்ணை அனுப்புவது?” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் சம்பளத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் இதைக் கேட்டதால் நானும் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கள்ளக்குறிச்சிச் சாராயச் சாவுகளை 2024 ஜூனில் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விஷச் சாராயம் குடித்துப் பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போய்விடும். காரணம் மெத்தனால். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது; அந்த அமிலம், செல்கள் ஆற்றல் தயாரிக்கும் வேலையை முடக்குகிறது. ஆற்றல் குறைந்தால் தாங்காத கண் நரம்பு பலமாக அடிபடுகிறது. இத்தனை உறுப்பு இருக்க விஷம் ஏன் கண்ணைப் பிடிக்கிறது, ஈயம் ஏன் குழந்தையின் மூளையைப் பிடிக்கிறது, பெயிண்ட் தின்னரில் இருக்கும் டொலுயீன் ஏன் காதைக் கெடுக்கிறது என்று துருவுவதுதான் உங்கள் மகள் சொல்லும் நரம்பு நச்சியல்.

சரி, ஆபத்து இருக்கிறதா? மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் ஓரிரு சொட்டு அவருடைய லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தது. அவர் விதிப்படி எல்லாம் செய்திருந்தார். ஆனால் அந்தக் கையுறையை அது நொடிகளில் ஊடுருவும் என்பது அன்று தெரிந்திருக்கவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. 1997 ஜனவரியில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பார்வை குறுகியது, காது மங்கியது. ஜூனில் இறந்தார், 48 வயதில். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு 1950களில் வந்ததும் கிட்டத்தட்ட இதே கோளாறுகள்தான்.

அவர் இறந்த பிறகு கையுறை விதிகள் மாறின. அந்தப் பொருளையே முடிந்தவரை தவிர்க்கிறார்கள். இன்று இந்தத் துறையில் பொழுது போவது பெரும்பாலும் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களோடும், எலிகளோடும், மைக்ரோஸ்கோப்போடும், கம்ப்யூட்டரோடும்தான். எலி என்றதும் ஒன்று: அவற்றுக்கு மருந்து கொடுத்து, கடைசியில் கொன்று, மூளையை எடுத்துப் பார்க்க அவளுக்கு மனசு வருமா? விஷத்தைவிட இதில்தான் பல பிள்ளைகள் பாதியில் திரும்புகிறார்கள்.

என் கவலை வேறு. காலம். இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, பிஎச்.டி. ஐந்து வருஷமாவது. தோழிகள் வேலை, கல்யாணம் என்று போகும்போது இவள் ஆய்வகத்தில் இருப்பாள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதலில் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கிடைக்காவிட்டால் சிரமம்தான்.

நச்சியல் என்று பெயர் போட்ட இளங்கலையைத் தேடி அலைய வேண்டாம். உயிர்வேதியியலோ விலங்கியலோ போதும். அப்புறம் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல், சுற்றுச்சூழல் நச்சியல் துறை, லக்னோவில் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் என்று பார்க்கலாம். வீட்டில் அவ்வளவு காலம் தாங்காது என்றால் பி.ஃபார்ம் என் தேர்வு. அதிலிருந்து ஜிபேட் என்ற மருந்தியல் மேற்படிப்புத் தேர்வு எழுதி, நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி நிறுவனத்துக்குப் போகலாம். நடுவில் நின்றாலும் மருந்துப் பாதுகாப்புச் சோதனைக்கூடங்களில் வேலை தேடலாம்.

ஆனால் இது ஆசையா, நீட்டில் பட்ட அடியா? பாதரசம் மூளைக்குள் எப்படிப் போகிறது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். மெத்தில் பாதரசம் ஓர் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, மூளைக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் மாதிரி வேஷம் போட்டு உள்ளே நுழைகிறது. தெரியாவிட்டாலும் தேடிப் படித்துவிட்டு, அடுப்படியில் உங்களை நிற்கவைத்து அரை மணி நேரம் விளக்கினாள் என்றால் அழைத்து வாருங்கள், கல்லூரிப் பட்டியல் போடுவோம். பேச்சு நீட் பக்கமே திரும்பினால், முதலில் அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.