குடியும் புகையும் ஹிப்னோதெரபியும்: வாசகர் கேள்விகளுக்கு உளவியலாளரின் பதில்கள்

கேள்வி: என் கணவர் பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது. டாக்டரிடம் வர மறுப்பவர், ஹிப்னோதெரபி என்றால் வருகிறேன் என்கிறார். அழைத்துச் செல்லலாமா? (வாசகி, பெரம்பூர்)

அந்தக் காலை நடுக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அம்மா. மது இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு அவருடைய நரம்பு மண்டலம் பழகிவிட்டது என்பதன் அடையாளம் அது. இந்த நிலையில் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே வியர்வையும் படபடப்பும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரியும், இருப்பது சொந்த வீடுதான் என்பதுகூடப் புரியாது. இது உயிருக்கே ஆபத்தான கட்டம். இதை மருந்தால்தான் கடக்க முடியும். ஹிப்னாடிசம் மூலம் செய்யும் சிகிச்சையான ஹிப்னோதெரபி எதுவும் இந்த வலிப்பைத் தடுக்காது. எனவே முதலில் மனநல மருத்துவரின் மேற்பார்வையில் சில நாள் சிகிச்சையும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் அவருக்குத் தேவை. அதுவரை வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஆனால், ஏதோ ஒரு சிகிச்சைக்கு வருகிறேன் என்று அவரே வாய் திறந்து சொல்லியிருப்பது பெரிய விஷயம். அதை நழுவவிடாமல், "ஹிப்னோதெரபிக்குப் போகலாம், அதற்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்வோம்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. 1794 முதல் இயங்கிவரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அடையாறு டி.டி.கே. மருத்துவமனையிலும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. கீழ்ப்பாக்கம் என்றதும் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கித் தயங்கியே கல்லீரல் கெட்டுப்போனவர்கள் ஏராளம்.

கேள்வி: ஹிப்னாடிசம் செய்யும்போது சுயநினைவு போய்விடுமா? ரகசியங்களை உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. (வாசகர், வேளச்சேரி)

போகாது. அது தூக்கமோ மயக்கமோ அல்ல. வெளிக்கவனம் குறைந்து, மனம் ஒன்றின் மீதே ஆழ்ந்து நிற்கும் நிலை. கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இதைச் செய்துகாட்டியபோதே, சக்தி ஹிப்னாடிசம் செய்பவரிடம் இல்லை, அதற்கு உட்படுபவரின் மனத்தில்தான் இருக்கிறது என்று விளக்கினார்.

ஓர் அமர்வில் நடப்பது இதுதான். நாற்காலியில் சாய்ந்து, மூச்சைக் கவனித்து, உடலைத் தளர்த்திய பிறகு, உங்களுக்குப் புகைக்கத் தோன்றும் இடத்தை, உதாரணமாக ஆபீஸ் வாசல் டீக்கடையை, மனக்கண்ணில் கொண்டுவரச் சொல்வோம். கையில் கிளாஸ், பக்கத்தில் பற்றவைக்கும் நண்பர், தொண்டையில் எழும் ஏக்கம் என்று எல்லாம் வரட்டும். அந்த ஏக்கம் ஏறி, உச்சம் தொட்டு, தானாகவே இறங்குவதை மூச்சோடு கவனித்து, டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்புவதை மனத்துக்குள் பழகுகிறீர்கள். இதை வீட்டிலேயே செய்யும் சுய ஹிப்னாடிசத்தையும் நான் கட்டாயம் கற்றுக்கொடுப்பேன். ஏக்கம் வரும் நேரத்தில் நான் உங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லையே.

கேள்வி: ஒரே சிட்டிங்கில் சிகரெட்டை விடலாம் என்ற விளம்பரங்களை நம்பலாமா? (வாசகர், தாம்பரம்)

நம்ப வேண்டாம். அதுவரை வந்திருந்த ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, புகையை விட உதவும் மற்ற ஆலோசனை முறைகளைவிட ஹிப்னோதெரபி மேலானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவுக்கு வந்தது. நான் இந்த முறையைப் பயன்படுத்துபவன். ஆனாலும் நிக்கோடின் சூயிங்கம் போன்றவற்றோடும் தொடர் ஆலோசனையோடும் சேர்த்து, துணைக்கருவியாக மட்டுமே பயன்படுத்துகிறேன். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்துகொள்ளவே கூடாது. யாரிடம் செல்வதானாலும், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, அல்லது மனநல மருத்துவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: குடியை மறக்கடிக்கும் மருந்தைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா? (வாசகி, இராயபுரம்)

கூடவே கூடாது. அதில் மதுவோடு சேர்ந்தால் ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிராம் என்னும் மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு உயிரே போகலாம்.

கேள்வி: மூன்று மாதம் குடிக்காமல் இருந்த தம்பி, ஒரு கல்யாண வீட்டில் மறுபடி தொடங்கிவிட்டான். அவனுக்கு மனவுறுதியே இல்லையா? (வாசகர், வியாசர்பாடி)

அவனுடைய மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். மது கொடுத்த இன்பத்தையும் அது கிடைத்த சூழலையும் மூளை பிணைத்தே நினைவில் வைத்திருக்கிறது. அதனால்தான் பழைய நண்பர்களையும் அந்த வாசனையையும் எதிர்கொண்டதும், மாதக்கணக்கில் அடங்கியிருந்த ஏக்கம் மீண்டும் கிளம்புகிறது. சர்க்கரை நோயைப் போல இதுவும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய்தான். எந்த நேரத்தில், யாரோடு, எப்படித் தொடங்கியது என்று திட்டாமல் கேட்டு, இந்த வாரமே சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்; ஆனால் மீண்டும் தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால், முதல் பதிலில் சொன்ன எச்சரிக்கை அவனுக்கும் பொருந்தும். உடனடி ஆலோசனைக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.